இடையில் ஓர் இருமல்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் கொஞ்ச காலம் என் முகம் நின்றது. இரண்டு ஆள் உயரம். கையில் செல்போன், வாயெல்லாம் பல். ‘நான் விளையாடினேன், என் வீடு நிமிர்ந்தது’ என்று பக்கத்தில் பெரிய எழுத்து. என் தோளில் கை போட்டு ஓர் அம்மா சிரித்துக்கொண்டிருப்பார். காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அக்கா என்னைக் கண்டால் விடமாட்டார். “நீ பாட்டுக்குக் கீய வந்துட்ட, மேல யாரு பாத்துக்கினு கீறாங்க?”

தோளில் கை போட்டவர் என் அம்மா இல்லை. அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் முன்னால் அம்மாவின் குரலை ஓரிடத்திலிருந்து எடுக்கச் சொன்னவள் நான் என்பது மட்டும் வெகுநாள் யாருக்கும் தெரியாது. இப்போது நைனாவுக்குத் தெரியும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை அது. எனக்குப் பதினேழு வயது. பஜார் தெருவில் உரக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து மூன்று பேர் செல்போன் கேம் செய்துகொண்டிருந்தார்கள். ஏனாத்தூர் காலேஜில் படித்து முடித்து, சென்னைக்குப் போகாமல் இங்கேயே எதையாவது செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தவர்கள். அவர்களில் பெரியவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ‘டெஸ்டிங் வேலைக்கு ஆள் தேவை. கேம் விளையாடத் தெரியாதவர்கள் வரலாம்’ என்று உரக்கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஜெராக்ஸ் எடுக்கப் போன நான் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன்.

அம்மா சிரித்தாள். “தெரியாதவங்களுக்கா? அப்ப அது எனக்கு வந்த வேலடி. நீ போயி மில்லுல நெல்லு தள்ளு.”

அம்மா அரிசி ஆலையில் வேலை செய்தாள். அவித்த நெல்லைக் களத்தில் தள்ளிக் காயவைப்பதும் தவிட்டுக்குச் சாக்குப் பிடிப்பதும் அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். நைனா அதே ஆலைக்கு லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் வெளியூர். நான் ஒரே பிள்ளை.

டெஸ்டிங் என்றால் விளையாடுவது என்று நினைத்துப் போனேன். அது விளையாட்டைக் கெடுத்துப் பார்க்கிற வேலை. கதவு இருந்தால் கதவு வழியாகப் போகக் கூடாது, பக்கத்துச் சுவரில் முட்ட வேண்டும். கிணறு இருந்தால் விழ வேண்டும். ஒரே சுவரில் நாற்பது தடவை முட்டி, நாற்பத்தோராவது தடவை உள்ளே போய்விட்டால் அது தப்பு; அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நான். அம்மாவிடம் இதை விளக்கியபோது அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “செவுத்துல முட்றதுக்கு சம்பளமா? நம்ம எருமைக்கும் ஒரு அப்ளிகேசன் வாங்கியாந்து குடு.”

மற்றவர்கள் கம்ப்யூட்டரில் எழுதினார்கள். எனக்கு ஆங்கிலம் வராது என்பதால் அண்ணன் ஒரு நீளமான நோட்டு கொடுத்தார். ஒவ்வொரு தப்புக்கும் நான்கு கேள்வி. எங்கே? என்ன செய்தேன்? என்ன நடந்தது? என்ன நடந்திருக்க வேண்டும்? கேட்டதைக் கேட்டபடி, பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் நோட்டு திரும்பி வரும். நோட்டில் ஏறிய தப்பு எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் கேம் வெளியே போகாது. அந்த அறையில் இருந்த ஒரே சட்டம் அதுதான். பதினேழு வயதில் நான் எழுதினால் மூன்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கேம் இதுதான்: ஒரு பெண்ணின் கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. ஏரிக்கரை, வாழைத்தோப்பு, களம் எல்லாம் தாண்டி அதைப் பிடித்துவர வேண்டும். வெறுங்கையோடு திரும்பி, வீட்டு வேலிப் படலுக்கு வெளியே அவள் கொஞ்ச நேரம் சும்மா நின்றால், உள்ளேயிருந்து அவளுடைய அம்மா கூப்பிடுவாள். அந்தக் குரல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், அம்மா திடீரென்று மாடி ஏறி வந்தாள். பெண்பிள்ளையை மேலே அனுப்பிவிட்டுக் கீழே என்ன பேச்சு வருமோ என்று பார்க்க வந்தவள். கையில் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு. அறையை ஒரு சுற்று பார்த்தாள். “இன்னாப்பா, எல்லாரும் பரீட்ச எயுதறாப்பல கீறீங்க” என்றாள். அண்ணனுக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

“அக்கா, ஒரு தடவ பொண்ண வீட்டுக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்களேன். சாம்பிளுக்கு.”

“அது எதிர்லயே நின்னுக்கினு கீது. இன்னான்னு கூப்புடறது? பைத்தியம்னுவாங்க.”

அதனால் என்னைக் கீழே அனுப்பினார்கள். தெருவைத் தாண்டி எதிர்க்கடை நிழலில் நின்றேன். அம்மா ஜன்னலில் வந்து நின்றாள். அண்ணன் அவள் பக்கத்தில் மைக்கைப் பிடித்தார். மில் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். பஜார் தெருவில் நாலைந்து பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒரு பெரியவர் காலை ஊன்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “போயேம்மா, கூப்புடறாங்க பாரு.”

நான் நிஜமாகவே இரண்டு அடி எடுத்து வைத்தேன்.

அன்றைக்கே அந்தக் குரலை கேமில் போட்டுவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்டிங் போனை வீட்டுக்குக் கொண்டுவந்து நைனாவிடம் காட்டினேன். நைனாவுக்குக் கன்றுக்குட்டியில் ஆர்வமே இல்லை. அந்தப் பெண்ணைப் படலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா கூப்பிட்டாள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் கொண்டுவந்து நிறுத்தினார். மறுபடியும் கூப்பிட்டாள். ஏழெட்டுத் தடவை. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வூட்ல ஒருத்தி தொண்ட கியிய கூப்புட்டா வரமாட்ட. அதுக்குள்ளயிருந்து கூப்புட்டா இனிக்குதா உனக்கு?”

“அதுல திட்டு இல்லியே” என்றார் நைனா.

மறுவாரம் டெஸ்டிங்குக்கு இரண்டு காலேஜ் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். சத்தம் வைத்துத்தான் விளையாடுவார்கள். படல் இடம் வரும்போதெல்லாம் அம்மாவின் குரல் வரும். இருவரும் சிரிப்பார்கள். ‘கீற’ என்று ஒருவன் சொல்வான், ‘வூட்டுக்கு’ என்று இன்னொருவன் முடிப்பான். கெட்ட பிள்ளைகள் இல்லை. அது என் அம்மா என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அந்த இடத்தை எடுத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டு, நோட்டில் எழுதினேன். நான்கு கேள்வி, நான்கு பதில். குரலின் நடுவே ஓர் இருமல் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். பேச்சு பிடிக்கவில்லை என்று எழுத முடியாது. இருமல் என்றால் அது தப்புதானே.

அண்ணன் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நிஜமாவா? இருமல் இருந்தா என்னம்மா, அம்மான்னா இரும மாட்டாங்களா?”

“தப்புன்னா தப்புதான் அண்ணா. நீங்கதானே சொன்னீங்க.”

அவர் சட்டத்தை அவராலேயே மீற முடியவில்லை. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் பேசி வேறொரு குரல் வாங்கிப் போட்டார். இழைத்து வைத்த பலகை மாதிரி வழவழப்பான குரல். கேம் வெளியே வந்த அன்று அம்மா ஆசையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் வந்தது.

“இது யாருடி?”

“உன் குரல் மெஷின்ல சரியா ஏறலம்மா.”

“ஏறாது. மில்லு மெஷினே என் குரலுக்கு அடங்கும், இது எம்மாத்திரம்” என்று சிரித்தாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். நைனாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கேம் ஓரளவுக்கு ஓடியது. சுவரில் முட்டி வேலை பார்க்கும் கிராமத்துப் பெண் என்று ஒரு பத்திரிகையில் என்னைப் பற்றிச் சின்னதாக வந்தது. அதைப் பார்த்து, செல்போன் விற்கிற ஒரு கம்பெனிக்காக விளம்பரம் எடுக்கிறவர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். குரல் போட்டதிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து. இரண்டு வேன், குடைகள், என் முகத்தில் மாவு. என் நோட்டைப் படம் எடுக்கக் கேட்டார்கள். எழுத்து அசிங்கமாக இருக்கிறதென்று புதிதாக வேறொரு நோட்டு கொண்டுவந்து, அழகான கையெழுத்துக்காரர் ஒருவரை வைத்து எழுதிக்கொண்டார்கள். வீடு என் வீடு. அம்மாவும் என் அம்மாவே வரட்டும், நிஜமாக இருக்கும் என்று அவர்களுடைய டைரக்டர் மேடம் சொன்னார்.

அம்மா மில்லுக்கு லீவு போட்டாள். அரக்குப் புடவை எடுத்தாள். புள்ளலூரில் அவள் தம்பி கல்யாணத்துக்கு வாங்கியது, அதற்குப் பிறகு பெட்டியைவிட்டு வெளியே வராதது. தூரத்திலிருந்து அவள் வாசலுக்கு வருவதை எடுத்தார்கள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. அடுத்தது பக்கத்தில். என் தோளில் கை வைத்து, ‘என் பொண்ணு விளையாடியே ஜெயிச்சுட்டா’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

“எம் பொண்ணு வெளயாடியே...” இருமல்.

தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடியும். மறுபடியும் அதே இடத்தில் இருமல். ஆறாவது தடவை சத்தம் பிடிக்கிறவர் காதிலிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவின் காதோரம் சொன்னேன்: “கொஞ்சம் அடக்கிக்கம்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

ஏழாவது தடவை அம்மா அடக்கினாள். இருமல் வரவில்லை. வார்த்தையும் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

கடைக்காரம்மா வேஷத்துக்காக ஒரு நடிகையை அவர்கள் கூட்டிவந்திருந்தார்கள். அவரை அம்மா ஆக்கிவிட்டார்கள். ஆனால் தூரத்தில் எடுத்ததில் அரக்குப் புடவை இருந்தது. பக்கத்திலும் அதே புடவைதான் இருக்க வேண்டும். டைரக்டர் மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மா உள்ளே போய் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த நடிகைக்கு அவளே கொசுவம் வைத்தாள்.

“இங்க கொஞ்சம் தூக்கிச் சொருகுங்கம்மா. அப்பதான் வேல செய்யறவ வூட்டு வாசல்ல நிக்கறாப்பல இருக்கும்.”

அந்த அம்மா நல்லவர். “நீங்க இருக்கும்போது நான் நிக்கறது ஒரு மாதிரி இருக்குங்க” என்றார்.

“நில்லுங்க, நில்லுங்க. என் பொடவையாவது டிவில வரட்டும்.”

விளம்பரம் வந்தது. டிவியில், செல்போனில், பஸ் ஸ்டாண்டு மாடியில். என்னை எல்லோரும் விளம்பரம் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். “விளம்பரம், கொஞ்சம் தள்ளி உக்காரு” என்பார் கண்டக்டர். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்பவே பிடித்திருந்தது. மறுபடி மறுபடி போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். சென்னையில் ஒரு ஹாஸ்டலில் தங்கினேன். மாதத்துக்கு ஒரு தடவை வந்தேன். வரும்போதெல்லாம் அம்மா இருமிக்கொண்டிருந்தாள். ‘தவிட்டுத் தூசு’ என்பாள். நானும் தூசு என்றே வைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸைக் கழற்றியபோது, அந்த வழியாக லாரியில் வந்த நைனா அதைக் கேட்டு வாங்கிவந்து மழைக்கு விறகை மூட வைத்திருந்தார். நான் வந்து பார்த்தபோது பாதிதான் இருந்தது. விறகின்மேல் என் முகம் மட்டும். இன்னொரு பாதி எங்கே என்று கேட்டேன்.

“எருமைக் கொட்டாயில கீது. அந்தம்மா சொந்த வூட்டுக்குப் போவாம நம்ம வூட்டையே சுத்திக்கினு கீறாங்களேன்னு கத்திரிக்கோலால பிரிச்சு வுட்டேன்” என்றாள் அம்மா. சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வெகுநேரம் முடியவில்லை. துண்டில் கொஞ்சம் ரத்தம் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “நீங்க அந்த விளம்பரத்துல வர்ற பொண்ணுதானே? அம்மாவுக்கா உடம்பு சரியில்ல? எங்க அவங்க?” என்று எனக்குப் பின்னால் தேடினார். சக்கர நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கையை உயர்த்தினாள்.

“அது படத்துக்கு வந்த அம்மா. ஆஸ்பத்திரிக்கு வர்ற அம்மா நான்தான்.”

எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டார். ‘ரெண்டு மூணு மாசமா’ என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ரெண்டு மூணு மாசத்து விஷயம் இல்லையே என்றார். முன்னாடியே கவனித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். கடைசி இரண்டு வாரம் குரல் இல்லை. கையை ஆட்டித்தான் பேசினாள். அதிலும் யாரையோ கேலி செய்தாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒரு சாயங்காலம் நைனா வந்து எதிரே உட்கார்ந்தார்.

“அந்த ஆட்டத்துல உங்கம்மா கூப்புடுமே. அத போடு.”

போட்டோக்கள் இருந்தன. கல்யாண வீடியோக்கள் இருந்தன. அதிலெல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டு ஆளின் சத்தத்தை எடுத்துவிடுகிறார்கள், அம்மா வாயை அசைத்துக்கொண்டே இருப்பாள். பட்டன் போன் வைத்திருந்தவள்; பேசினாள், வைத்தாள், எதுவும் எங்கேயும் தங்கவில்லை. விளம்பரத்துக்கு எடுத்ததில் அவள் இருமியதையெல்லாம் அன்றைக்கே அழித்துவிட்டார்கள். இந்த உலகத்தில் அவள் குரலை ஒரே ஒரு இடத்தில்தான் பிடித்து வைத்திருந்தார்கள்.

கேமைத் திறந்து, அந்தப் பெண்ணைப் படலுக்கு வெளியே நிறுத்திக் கொடுத்தேன். வழவழப்பான குரல் வந்தது. நைனா கேட்டார். போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அங்கே ஏதோ இருப்பதுபோல. மறுபடியும் நிறுத்தினார்.

“இது அது இல்லயே.”

“மாத்திட்டாங்க நைனா. பழசு இருக்கான்னு கேட்டுப் பாக்கறேன்.”

அண்ணனுக்குப் போன் செய்தேன். அந்த அறையை எப்போதோ காலி செய்துவிட்டுப் பெங்களூரில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா போன செய்தி கேட்டு அழுதார். மூன்று நாள் தேடினார், பழைய நண்பர்களிடமெல்லாம் கேட்டார். பழைய கம்ப்யூட்டரை அழித்துத்தான் விற்றிருந்தார்கள். டெஸ்டிங் போன்களும் போய்விட்டன. “குரல் கிடைக்கலம்மா. உன் நோட்டு மட்டும் என்கிட்ட இருக்கு. அனுப்பட்டுமா?” என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பார்சல் வந்தபோது நைனா வீட்டில் இருந்தார். நான் பிரிப்பதற்குள் அவரே பிரித்துவிட்டார். ஏதோ போன் வந்திருக்கிறதென்று நினைத்திருப்பார்; நோட்டை ஓரமாக வைத்துவிட்டு உறைக்குள் இன்னும் தேடினார். அப்போதுதான் சொன்னேன். அம்மா குரலை அவர்களாக மாற்றவில்லை, நான்தான் மாற்றச் சொன்னேன், இதில்தான் எழுதியிருக்கிறேன் என்று. பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தேதியும் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி.

நைனா ஐந்தாவதுவரை படித்தவர். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத்தான் போவார். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிக்குப் போனார். நான்காவது கேள்வி. என்ன நடந்திருக்க வேண்டும்?

“இ...ரு...மல் இ...ருக்...கக் கூ...டாது. வே...று நல்...ல கு...ரல் போ...ட வேண்...டும்.”

விரலை எடுக்கவில்லை. “இத வுட நல்ல குரலா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத விஷயத்தைத் தெரிந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எருமை கத்தியது. நைனா எழுந்து போய்த் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

“இன்னா பேசிச்சின்னு அதுல எயுதிக்கீறியா?”

எழுதியிருந்தேன். மூன்றாவது கேள்வி, என்ன நடந்தது? கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும் என்பதால், சிரித்தவர்களுக்கு முன்னால் நான் வெட்கப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எழுதியிருந்தேன்.

“அத மட்டும் படி. நான் கண்ண மூடிக்கறேன்.”

படித்தேன். அவள் மாதிரி இழுக்கப் பார்த்தேன். என் குரல் சென்னைக்குப் போய்விட்டு வந்த குரல், வளையவில்லை.

“தே... பொயுது சாஞ்சிச்சி பாரு. இன்னும் இன்னா பண்ணிக்கினு கீற?”

அந்த இடத்தில்தான் அடைப்புக்குறி போட்டிருந்தேன். எனக்கு இரும வரவில்லை. எழுதியிருந்தபடியே படித்தேன். “இங்கே ஓர் இருமல்.”

நைனா கண்ணைத் திறக்கவில்லை. “ஒரு தபாதானா?”

“அப்ப ஒரு தபாதான் நைனா.”

“ம். அப்பால?”

“வூட்டுக்கு வா கண்ணு.”